பின்னத்தைப் போற்றுக

கணிப்பொறியிலே படமென்பது எண்களின் நிரலேயாகும். 8 பிட் கருவெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையுள்ள ஒரு முழு எண். 0 கருமை, 255 வெண்மை. பின்னத்துக்கு ஆங்கு இடமில்லை. இதனால் விளையும் கேட்டினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

மங்கிய பனையோலைச் சுவடியொன்றை எட்டு முறை படமெடுத்து, புள்ளிக்கலக்கம் குறையும்பொருட்டு அவற்றின் சராசரியைக் காண்கின்றோம். எளிமை கருதி, எல்லாப் படங்களிலும் ஓலையின் மதிப்பு 103, எழுத்தின் மதிப்பு 100 என்க. காட்சிவழி நிரலாக்கத்தில் ஒரு கட்டம் ஒவ்வொரு படத்தையும் எட்டால் வகுக்கும். அதனோடு கோட்டால் இணைந்த மறுகட்டம் எட்டையும் கூட்டும். வகுத்தவிடத்து ஓலை 12.875, எழுத்து 12.5. பின்னம் வெட்டுண்டால் இரண்டும் 12. எட்டையும் கூட்ட, இரண்டும் 96. ஓலை உண்டு, எழுத்து இல்லை! அச்சராசரியிலிருந்து அதனை மீட்கும் வழியும் இல்லை.

இதற்குப் பரிகாரம் யாது? முதற்கண் மதிப்புகளை 255 ஆல் வகுத்து, 0 முதல் 1 வரையுள்ள 32 பிட் மிதவைப்புள்ளி எண்களாக்குக. அவை ஏறக்குறைய 7 தசம இலக்க நுட்பமுடையன. இடையில் எக்கட்டத்தும் முழு எண்ணாக்கற்க. இறுதியில் 255 ஆல் பெருக்கி, அண்மையிலுள்ள முழு எண்ணுக்கு ஒருமுறை மட்டும் திருத்துக. அப்போது 103 உம் 100 உம் வேறாகவே நிற்கும்.

சுவடிகளைப் படமாக்கிக் காக்க முற்படும் மாணவர் இதனை மறவாதிருத்தல் நலம். பின்னம் சிறிதே; ஆயினும் ஓரெழுத்து அதனுள் தங்கியிருத்தல் கூடும்.