பழைய வண்டி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கள்ளிக்குப்பத்தில் பல குடும்பங்களுக்கு ஒரே பைக்தான் பிழைப்பு. அது அடிக்கடி மெக்கானிக் கடையில் நின்றால் என்ன செய்வது?

பிரேக் ஷூ, செயின், டயர் தேய்வது இயல்பு, மாற்றி ஓட்டுவோம். சேஸிஸ் துருப்பிடித்து விரிசல் விட்டால் ஓட்ட வேண்டாம், உயிர் அமானிதம். இன்ஜின் வேலை என்றால் இரண்டு மெக்கானிக்குகளிடம் விசாரிப்போம். செலவு, வண்டி விலைபோகும் தொகையைத் தாண்டினால் மாற்றுவதே மேல். 15 வருடம் முடிந்த வண்டிக்கு எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதையும் கணக்கில் சேர்ப்போம்.

ஊர் மெச்ச மாற்றுவது வீண்விரயம். வட்டிக்கு வாங்கி மாற்றுவது ஹராம். மாதாமாதம் சேமித்து, நல்ல பழைய வண்டியை ரொக்கத்துக்கு வாங்கலாம். நம் வண்டியை விற்கும்போது குறையை மறைக்காமல் சொல்லி விற்போம். அதில்தான் பரக்கத், இன்ஷா அல்லாஹ்.