உழவு இயந்திரத்தில் கியர் எண்ணெய் ஒழுகுதலும் அதற்குப் பரிகாரமும்

சேற்றுழவு நடைபெறும் காலத்தில் உழவு இயந்திரம் ஒரு நாள் பழுதுற்று நிற்குமாயின், கமக்காரருக்கு உண்டாகும் நட்டம் அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. வாய்க்கால் நீர் முறைப்படி விடப்படுவதால், முறை தவறினால் விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தினால் அறுவடையும் பிந்தும். இவ்வாறான பழுதுகளுள் பல திடீரென ஏற்படுவன அல்ல. கியர் பெட்டியின் அடியிலோ சில்லு அச்சின் ஓரத்திலோ சிறு எண்ணெய்க் கசிவாகவே அவை தொடங்குகின்றன. “குறைந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டால் போதும்” என எண்ணுதல் பெருந் தவறாகும்.

1. கசிவினால் விளையும் தீங்குகள்

எண்ணெய் வெளியேறும் வழியே நீரும் சேறும் உள்ளே புகும் வழியாகும். வயலில் சில்லுகள் சேற்றில் ஆழ்ந்து சுழலும்போது பழுதுற்ற ஒயில் சீலினூடாக மண் கலந்த நீர் உட்செல்லும். அந்த நீர் பெயாரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மணல் கியர்ப் பற்களை அராவும். ஒயில் சீல் மலிவான பொருள். பெயாரிங்கும் கியரும் அவ்வாறானவையல்ல.

குறையும் அளவும் சிறிதன்று. பத்து விநாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகுவதாகவும், 20 துளி ஒரு மில்லிலீற்றர் எனவும் கொண்டால், நாளொன்றுக்கு 10 மணி நேரம் ஓடும் இயந்திரம் 180 மில்லிலீற்றர் எண்ணெயை இழக்கும். பத்து நாளில் இது 1.8 லீற்றராகும். இரு சில்லு இயந்திரத்தின் கியர் பெட்டி கொள்வது சில லீற்றர் மாத்திரமே.

உலர் பிறேக் உள்ள நான்கு சில்லு இயந்திரங்களில், அச்சிலிருந்து கசியும் எண்ணெய் பிறேக்கின் மேற் படியலாம். அப்போது பிறேக் வழுக்கும். நெல் மூடைகளை ஏற்றிய பெட்டியுடன் வீதியிற் செல்லும்போது இது உயிருக்கே ஆபத்தாகும். அவ்வாறு படிந்த இயந்திரத்தைத் திருத்தும்வரை வீதியில் ஓட்டுதலாகாது.

2. கசியும் இடத்தைக் கண்டறிதல்

எண்ணெய் நிலத்தில் விழும் இடமே கசியும் இடம் எனக் கொள்ளலாகாது. மேலே கசிந்த எண்ணெய் உறையின் வழியே வழிந்து தாழ்ந்த இடத்திற் சொட்டும். ஆதலின் இயந்திரத்தை நிறுத்தி, சேற்றையும் பழைய எண்ணெய்ப் படிவையும் நன்றாகக் கழுவித் துடைத்து உலர விடல் வேண்டும். பின்னர் சிறிது நேரம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி, அடியிற் பழைய கடதாசி மட்டையை விரித்து, ஓர் இரவு விட்டுப் பார்த்தல் நன்று. ஐயமுள்ள இடத்தில் முகப்பவுடரை மெல்லெனத் தூவினால், கசியும் இடம் முதலில் நனைந்து தோன்றும்.

நிறமும் மணமும் துணைசெய்யும். பாவித்த எஞ்சின் எண்ணெய் கருமையாக இருக்கும். கியர் எண்ணெய் தடிப்பானது. பெரும்பாலும் கந்தக மணமுடையது. நான்கு சில்லு இயந்திரங்கள் பலவற்றில் கிளச் உறையின் அடியில் சிறு துளையொன்று உண்டு. அதனூடாகக் கரிய எண்ணெய் சொட்டினால் எஞ்சினின் பின் சீலையும், கியர் எண்ணெய் சொட்டினால் கியர் பெட்டியின் முன் சீலையும் ஐயுறல் வேண்டும்.

எச்சரிக்கை: அழுத்தத்துடன் எண்ணெய் செல்லும் ஹைட்ரோலிக் குழாய்களில் கசிவைக் கையால் தடவிப் பார்த்தலாகாது. நுண்ணிய எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உட்செல்லும். அவ்வாறு நேரின் காயம் சிறிதெனினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

3. காரணங்களும் பரிகாரமும்

(அ) மூச்சுத்துளை அடைபடல்: கியர் பெட்டி சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேற மேற்புறத்தில் ஒரு மூச்சுத்துளை உண்டு. சேறு அதனை அடைத்தால் உள்ளழுத்தம் எண்ணெயைச் சீல்களினூடாக வெளித்தள்ளும். சீல் மாற்றுவதற்கு முன் இதனைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவித் துப்புரவாக்குக. செலவின்றியே கசிவு நின்றுவிடுதலும் உண்டு.

(ஆ) எண்ணெய் மிகுதி: கைந்நூலிற் குறித்த மட்டத்துக்கு மேல் ஊற்றினாலும் கசியும். மட்டத்தை இயந்திரம் சமதரையில் நின்று ஆறிய பின்னரே பார்த்தல் வேண்டும்.

(இ) அச்சிற் சுற்றிய நூலும் வைக்கோலும்: இவை சீலின் உதட்டை அறுக்கும். நைலோன் நூல் மிகக் கேடானது. நாளாந்த வேலை முடிந்ததும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு இவற்றை வெட்டி அகற்றுக.

(ஈ) தளர்ந்த ஆணிகள்: எண்ணெய் வடிக்கும் துளையின் ஆணியிலுள்ள செப்பு வளையம் தேய்ந்திருப்பின் புதியது இடுக. அளவு மீறி முறுக்கினால் உறையின் புரி அழியும்.

(உ) தேய்ந்த சீல்: சில்லைத் தூக்கி, கட்டை கொடுத்துத் தாங்கிய பின், அசைத்துப் பார்க்க. அச்சு ஆடினால் பெயாரிங் தேய்ந்துள்ளது. அதனை மாற்றாது சீலை மட்டும் மாற்றின் கசிவு நில்லாது. அச்சில் நகத்திற்குத் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருப்பின் அதனையும் திருத்துதல் வேண்டும். புதிய சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் பூசி, தட்டையான பலகையை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குக; ஒரு பக்கத்தில் மட்டும் தட்டின் சீல் கோணிவிடும்.

4. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின்

அது நீர் புகுந்தமைக்கு அடையாளம். அவ்வெண்ணெயைக் கொண்டு மேலும் உழுதல் கூடாது. இயந்திரம் இளஞ்சூடாக இருக்கும்போது முழுவதையும் வடித்து, புதிய எண்ணெய் ஊற்றிச் சுமையின்றிச் சில நிமிடம் ஓட்டி, அதனையும் வடித்து, மீண்டும் புதிய எண்ணெயை உரிய மட்டத்துக்கு ஊற்றுக. நீர் புகுந்த சீலை மாற்றாதவிடத்து இச்செலவு வீணாகும்.

5. வயலையும் கிணற்றையும் காத்தல்

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வரப்போரத்திலோ ஊற்றுதல் பெருந் தீமை. அது நீரின்மேற் படலமாகப் பரவி நாற்றைக் கெடுக்கும். மண்ணில் ஊறிக் கிணற்று நீரையும் கெடுக்கக்கூடும். மரக்கறித் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஒரே கிணற்றை நம்பியிருப்போர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். எண்ணெயை மூடியுள்ள கொள்கலத்திற் சேகரித்து, கழிவெண்ணெய் ஏற்கும் இடத்திற் கொடுக்குக. சிந்தியதன் மேல் உமி அல்லது மரத்தூள் இட்டு அள்ளுக.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர், வாய்க்காலில் நீர் வருமுன்பே, மூச்சுத்துளை, எண்ணெய் மட்டம், எண்ணெயின் நிறம், அச்சுச் சீல் ஆகிய நான்கையும் பார்த்துத் திருத்திக்கொள்க. ஒரு முற்பகலில் முடியும் இவ்வேலை, உழவு நாட்களில் இயந்திரம் நடுவயலில் நிற்பதைத் தவிர்க்க உதவும்.