ஆங்கிலம் பழகுவோம்: எமது விருப்பமும் எமது தீர்மானமும்

முகாமுக்கோ குடியேற்றக் கிராமத்துக்கோ வரும் உத்தியோகத்தர்கள் பலதரப்பட்டவர்கள். கிராம அலுவலர் எமது மொழியில் கதைப்பார். வெளிநாட்டு நிறுவனங்களின் வாகனத்தில் வந்து இறங்குபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கேட்பார்கள். பெயர், வயது, பிள்ளைகளின் தொகை என்பவற்றை எப்படியோ சொல்லிச் சமாளித்து விடுகிறோம். அதன் பிறகு ஒரு கேள்வி வரும்: "வட் இஸ் யுவர் பிளான்?" உங்கள் திட்டம் என்ன, இனி என்ன செய்ய நினைத்திருக்கிறீர்கள் என்பதே இதன் பொருள். இவ்விடத்தில்தான் எம்மில் பலர் மொழிபெயர்க்க வந்த தம்பியின் முகத்தைப் பார்க்கிறோம். அவரோ நாம் சொன்ன பத்து வசனங்களை ஒரு வசனமாக்கிச் சொல்லி முடித்து விடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வரிசையில் இன்னும் ஐம்பது குடும்பங்கள் நிற்கும். ஆயினும் எமது காணியையும் தொழிலையும் பற்றிய எண்ணத்தை நாமே நாலு சொல்லில் சொல்லக்கூடியதாக இருந்தால், படிவத்தில் எழுதப்படுவது எமது எண்ணமாகவே இருக்கும். அதற்காகவே இந்தப் பாடம்.

முதலில் நான்கு சொற்களைப் பழகுவோம். "ஹோப்" என்றால் நம்பியிருத்தல். "வொண்ட்" என்றால் விரும்புதல். "பிளான்" என்றால் திட்டமிடுதல். "வில்" என்றால் செய்வேன் என்ற உறுதி. இவை ஏணிப்படி போன்றவை. "வீ ஹோப் டு குறோ சில்லி" என்றால், மிளகாய் செய்யலாம் என்று நம்பியிருக்கிறோம் என்று பொருள். மழையும் பணமும் கைகொடுத்தால் பார்ப்போம் என்பது போல. "வீ வொண்ட் டு குறோ சில்லி" என்றால் செய்ய விருப்பம். "வீ பிளான் டு குறோ சில்லி" என்றால் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். "வீ வில் குறோ சில்லி" என்றால் செய்தே தீருவோம். முதல் மூன்றிலும் "டு" வருகிறது, "வில்" என்பதன் பின் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாம், நாங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் "வீ" என்ற ஒரு சொல்தான் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறோமா இல்லையா என்ற எமது நுட்பமான வேறுபாடு அவர்களுக்கு இல்லை. தனியாளாகச் சொல்ல "ஐ" போதும்.

"வில்" என்ற சொல்லில் ஓர் எச்சரிக்கை உண்டு. நெல்லை வில் என்று சொல்லும்போது வரும் ஓசைதான். உதட்டைக் குவித்துத் தொடங்கினால் சரி. ஆனால் பொருள் பாரமானது. கடன் படிவத்தில் "வீ வில் றிப்பே" என்று இருந்தால், திருப்பிக் கட்டுவோம் என்று நாம் வாக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். அதன் கீழ் கையொப்பம் வைக்கும் முன் எவ்வளவு, எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஹவ் மச்?", "வென்?" என்ற இரண்டு கேள்விகளே போதும்.

உதவி கேட்கும்போது "வொண்ட்" என்பதிலும் "நீட்" என்பதே பொருந்தும். "நீட்" என்றால் தேவை. அது இல்லாமல் காரியம் நடக்காது. "வீ வொண்ட் எ வோட்டர் பம்ப்" என்றால் நீர்ப்பம்பிக்கு ஆசைப்படுகிறோம் என்றும் விளங்கிக்கொள்ள இடமுண்டு. "வீ நீட் எ வோட்டர் பம்ப்" என்றால் அது இல்லாமல் தோட்டம் இல்லை.

இனி வருவதே இப்பாடத்தில் மிக முக்கியமானது. "வொண்ட்" என்ற சொல்லைக் குறுக்கிச் சொல்ல வேண்டும். அதை நீட்டி "வோண்ட்" என்று சொன்னால் அது வேறு சொல்லாகி விடும். "வில் நொட்" என்பதன் சுருக்கம் அது, மாட்டேன் என்று பொருள். "ஐ வொண்ட் டு கோ பாக்" என்றால் திரும்பிப் போக விரும்புகிறேன். "ஐ வோண்ட் கோ பாக்" என்றால் திரும்பிப் போகமாட்டேன். கொம்பில் ஒரு சிறு நீட்டலும் விழுங்கப்பட்ட ஒரு "டு"வும் எமது சொந்தக் காணி பற்றிய பதிலைத் தலைகீழாக்கிவிடும். எனவே மாட்டேன் என்று சொல்லவேண்டிய இடத்தில் சுருக்காமல் "ஐ வில் நொட்" என்றே முழுவதாகச் சொல்லுங்கள். விருப்பம் என்று சொல்லும்போது "டு" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஆங்கிலம் பேசுபவர்களே தொலைபேசியில் இவ்விரண்டையும் மாறிக் கேட்பதுண்டு.

இதே போன்ற இன்னொரு குழி உண்டு. "டோண்ட் யூ வொண்ட் டு கோ பாக்?" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திரும்பிப் போக உங்களுக்கு விருப்பமில்லையா என்பது கேள்வி. தமிழில் "ஓம்" என்றால் "ஓம், விருப்பமில்லை" என்றாகிவிடும். ஆங்கிலத்தில் "யெஸ்" என்றால் விருப்பம் உண்டு என்றும், "நோ" என்றால் விருப்பமில்லை என்றும் எழுதுவார்கள். ஆகவே இத்தகைய கேள்விக்குத் தலையாட்டலோ ஒற்றைச் சொல்லோ வேண்டாம். "வீ வொண்ட் டு கோ பாக்" என்று முழு வசனமாகவே சொல்லிவிடுங்கள்.

திரும்புதல் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். "றிட்டேர்ன்" என்றால் சொந்த இடத்துக்குத் திரும்புதல். "றீலொகேட்" என்றால் வேறோர் இடத்துக்கு மாறிக் குடியிருத்தல். 2004ஆம் ஆண்டு கடற்கோளின் பின் கரையோரக் குடும்பங்கள் பல உட்பகுதிக்கு மாற்றப்பட்டபோது இந்தச் சொல் அதிகம் அடிபட்டது. "றீசெட்டில்" என்ற சொல்தான் சிக்கலானது. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளில் 28ஆவது நெறி, சொந்த இடத்துக்குப் பாதுகாப்பாகவும் கௌரவமாகவும் சுயவிருப்பில் திரும்புவதை "றிட்டேர்ன்" என்றும், நாட்டின் வேறொரு பகுதியில் சுயவிருப்பில் குடியமர்வதை "றீசெட்டில்" என்றும் பிரித்துச் சொல்கிறது. எமது நாட்டிலோ இரண்டையும் மீள்குடியேற்றம் என்றே பொதுவாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆகவே "றீசெட்டில்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், எந்த இடம் என்பது கேட்பவரின் எண்ணத்துக்கு விடப்படுகிறது. "றிட்டேர்ன் டு அவர் ஓன் லாண்ட்", அதாவது எமது சொந்தக் காணிக்குத் திரும்புதல் என்று சொல்லி ஊரின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஐயம் இல்லை. வேறு இடம் போதும் என்பது உங்கள் முடிவானால் அதையும் அவ்வாறே தெளிவாகச் சொல்லலாம். இரண்டும் உங்கள் உரிமையே.

திட்டம் என்றால் அளவும் காலமும் வேண்டும். பெரும்போகத்தை அவர்கள் "மஹா சீசன்" என்பார்கள், சிறுபோகத்தை "யல சீசன்" என்பார்கள். "நெக்ஸ்ட் மஹா சீசன்" என்றால் அடுத்த பெரும்போகம். "பிஃபோர் த ரெயின்" என்றால் மழைக்கு முன். யாழ்ப்பாணத்தவர் பரப்புக் கணக்குச் சொன்னால் வெளியூரவருக்கு விளங்காது. ஒரு பரப்பு பத்துப் பேர்ச், தோட்டக் காணியில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று மாற்றிச் சொல்லுங்கள்.

தீர்மானத்துக்கு ஆங்கிலத்தில் "ரெசலூஷன்" என்பார்கள். சனவரி முதலாம் திகதி இனிக் குடிக்கமாட்டேன், மாதம் கொஞ்சம் சேமிப்பேன் என்று அவர்கள் எடுக்கும் உறுதிமொழியும் இதுவே. சங்கக் கூட்டத்தில் நிறைவேற்றப்படும் தீர்மானமும் இதுவே. எங்களுக்குச் சித்திரையில் நாளேர் பூட்டும் நாள் இருக்கிறது. தீர்மானம் எடுத்தல் என்று நாம் சொல்வதால் "டேக்" என்று சொல்லத் தோன்றும். ஆங்கிலத்தில் "மேக்" என்பதே வழக்கு. அதைக் காப்பாற்றினால் "கீப்", மீறினால் "பிறேக்". உறுதிமொழிக்கு உதவும் சொற்கள் சில: "சேவ்" சேமித்தல், "ஸ்டொப்" நிறுத்துதல், "ஸ்டார்ட்" தொடங்குதல், "லேர்ண்" கற்றல். "ஐ வில் ஸ்டொப் டிறிங்கிங்" என்பதை ஆங்கிலத்தில் சொல்வது இலகு.

இலக்கு என்பதற்கு "கோல்" என்பார்கள். பந்தடிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்த சொல். தங்கம் என்பதில் ங் எழுத்தை அடுத்து வரும் ககர ஓசையோடு தொடங்குங்கள். கல் என்பதில் வரும் ஓசையோடு தொடங்கினால் நிலக்கரியாகிவிடும்.

கீழே வரும் உரையாடலை வீட்டில் இருவர் மாறிமாறிச் சொல்லிப் பழகலாம். பிள்ளையை உத்தியோகத்தராக இருக்கச் சொல்லுங்கள்.

"வட் இஸ் யுவர் பிளான்?"
"வீ வொண்ட் டு றிட்டேர்ன் டு அவர் ஓன் லாண்ட்."
"வென்?"
"பிஃபோர் த மஹா சீசன். ஃபேர்ஸ்ட், வீ நீட் டு கிளீன் த வெல்."
"அண்ட் தென்?"
"வீ பிளான் டு குறோ டூ ஏக்கர்ஸ் ஒஃப் பாடி. வீ நீட் ஃபோர் புஷல்ஸ் ஒஃப் சீட்."

"வெல்" என்பது கிணறு. முதலில் கிணறு இறைத்துத் துப்புரவாக்க வேண்டும், பிறகு இரண்டு ஏக்கரில் நெல் விதைக்கத் திட்டம், ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் நாலு புசல் விதைநெல் தேவை என்பதே பதில். உத்தியோகத்தருக்கு எழுதிக்கொள்ள இதில் காலமும் அளவும் தேவையும் இருக்கின்றன.

பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.
அடுத்த சிறுபோகத்தில் மிளகாய் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம்.
எங்களுக்கு நீர்ப்பம்பி தேவை.
நான் காணியை விற்கமாட்டேன்.

விடைகள்:
வீ பிளான் டு குறோ சில்லி நெக்ஸ்ட் யல சீசன்.
வீ நீட் எ வோட்டர் பம்ப்.
ஐ வில் நொட் செல் த லாண்ட்.