இரண்டு கிலோ நாய்க்கும் ஒரு மில்லி

"எங்க ஜிம்மி வாசப்படியே தாண்டாது சார், அதுக்கு எதுக்கு வெறிநாய் ஊசி?" பாலக்கோட்டுக்காரரும் இதைத்தான் கேட்டார், அரூர்க்காரரும் இதைத்தான் கேட்டார். போன வாரம் பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர், ஒயர் கூடையில் துண்டு விரித்து வெள்ளைப் பொமேரியன் ஒன்றைக் கொண்டுவந்தார். வந்தது நகம் வெட்ட. நாய்க்கு மூன்று வயதாகிறது, ஓர் ஊசிகூடப் போட்டதில்லை. சின்ன ஜாதி நாய்க்கு வெறி பிடிக்காதாம்.

யார் கிளப்பிவிட்ட கதையோ! வெறிநோய்க் கிருமி எடை பார்த்து நுழைவதில்லை. நாய், பூனை, மாடு, கீரி, மனிதர் என்று பாலூட்டி எதுவானாலும் சரி. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறும், அங்கிருந்து எச்சிலுக்கு இறங்கும். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்தில்லை. தமிழகத்தில் 2024-ல் மட்டும் நாய்க்கடி 4.8 லட்சம், வெறிநோய்ச் சாவு 43.

வாசப்படி தாண்டாதா? அந்த அம்மாவையே துருவினேன். காலையில் கோலம் போடும்போது கூடவே வருமாம். கேட் கம்பி இடுக்கில் மூக்கை நீட்டித் தெருநாயோடு தினமும் மல்லுக்கு நிற்குமாம். மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஆறிப்போன கீறல் ஒன்று. எப்போது பட்டது என்று கேட்டால் விழிக்கிறார். சடைக்குள் பல் பதிந்தால் வெளியே தெரியாது. ராத்திரி அதே நாய் பேரனின் போர்வைக்குள் தூங்குகிறது, அவன் முகத்தை நக்குகிறது. காவலுக்குக் கட்டிப்போட்ட நாயைவிட மடியில் ஏறும் நாய்க்குத்தான் ஊசி அவசரம் என்பேன்.

அடுத்தது பேரம். "ரெண்டு கிலோதான் சார் இருக்கும், பாதி ஊசி போடுங்க." காய்ச்சல் மருந்தைத்தான் எடைக்குத் தக்கபடி அளப்போம். தடுப்பூசி கிருமியை உடம்புக்கு அடையாளம் காட்டுகிற வேலை; கிரேட் டேனுக்கும் சிவாவாவுக்கும் அதே ஒரு மில்லி. சின்ன நாய்களுக்கு முகம் வீங்குவதும் வாந்தி எடுப்பதும் சற்று அதிகம், உண்மைதான். அதற்காகத்தான் ஊசி போட்டபின் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கிறோம். மூன்றாம் மாதம் முதல் ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. மெடிக்கலில் மருந்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, பங்குனி வெயிலில் பஸ் ஏறி வராதீர்கள். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய சரக்கு.

குட்டியின் பல் பட்டால் ஒன்றும் ஆகாதா? குட்டிக்கும் வெறி வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காபித் தூள் எதையும் அப்பாதீர்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது, இப்போது கையில்தான்.

ஊசி தவிர இன்னும் சில. வெயிலுக்கு நாயை மொட்டை அடிக்கச் சொல்லி வருகிறார்கள். அந்தச் சடைதான் நாய்க்குக் குடை. சீப்பு போதும், கத்தரி வேண்டாம். சாம்பார் சாதத்தில் உள்ள வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்துக்கு எமன். வயிறு சரியில்லை என்று கையளவு குட்டியைப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். பெங்களூரில் பொமேரியன் என்று வாங்கிவந்தது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். அதனால் என்ன, நம் வெயிலை அதுதான் நன்றாகத் தாங்கும்.

ஜிம்மிக்குப் போட்டாயிற்று, கேட்டுக்கு வெளியே நிற்பதற்கு? ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய்க்கு ஷாம்பூவும் சட்டையும் வாங்குகிற நாலு வீடு சேர்ந்தால் ஒரு தெருவுக்கே ஊசி வாங்கலாம். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்த அம்மா அரை மணி நேரமும் பெஞ்சில் முறைப்பாகவே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போதுதான் வாய் திறந்தார்: "கேட்டாண்ட ஒரு கறுப்பு நாய் நிக்கும் சார், அதையும் கொண்டாரட்டா?"

கூடையில் அடங்காது, நானே வருகிறேன் என்றேன்.