ஐப்பசி, கார்த்திகை: மழை விட்ட வேளையில் குட்டிகளுக்கு என்ன விளையாட்டு?

காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை
யாருக்கு: 1 முதல் 3 வயதுக் குழந்தைகள் உள்ள வீடுகள், குழந்தைகள் காப்பகங்கள்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. சளி பிடிக்கும் என்று குழந்தையை உள்ளேயே வைத்துக் கையில் செல்போனைக் கொடுப்பதும் இப்போதுதான். சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஈர மண் அல்ல. ஒரு வயது தாண்டிய குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், இரண்டு வயது முடியும்வரை திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். மழை விட்டுவிட்டுப் பெய்யும்போது அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்போது?

காலை 9 மணிக்கு மேல் 11 மணிக்குள் நல்லது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது; விடிந்த சிறிது நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய நேரமும் அதற்குத் தோதானவை. முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். இடி இடித்தால் உடனே உள்ளே வாருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே போகலாம். ஒரு நாளைக்கு ஒரே பொருள், 20 நிமிடம் போதும். நாலைந்தைப் பரப்பினால் குழந்தை எதையும் ஊன்றிப் பார்க்காது.

என்ன விளையாடலாம்?

1. வாழையிலையும் தண்ணீரும்: இலைத் துண்டைத் தாம்பாளத்தில் வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு ஓரத்தைத் தூக்கினால் சொட்டுகள் ஓடி ஒன்றோடொன்று சேரும். பிறகு குழந்தையே தூக்கட்டும். சேம்பிலையிலும் தண்ணீர் ஒட்டாதுதான். ஆனால் அதைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும், வேண்டாம்.

2. மண்: செம்மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். உதிரி மண் முதலில் கொழகொழப்பாகும், பிறகு கூழாகும். அந்த மாற்றத்தைக் குழந்தை விரலால் அறியட்டும். அள்ளக் கொட்டாங்குச்சி, சலிக்கப் பழைய சல்லடை. கட்டட வேலைக்குக் கொட்டிய எம்-சாண்ட் வேண்டாம், அதில் நுண்தூசி உண்டு. தெருவோர மணலில் பூனையும் நாயும் கழித்திருக்கும்.

3. வாசனை: மழை விடாத நாளுக்கு இது. கற்பூரவள்ளி, துளசி, கறிவேப்பிலை, எலுமிச்சை இலை என்று ஒவ்வொன்றாகக் கசக்கி மூக்கருகே காட்டுங்கள். கற்பூரவள்ளியின் பூனைமயிர் போன்ற சுணையைத் தடவிப் பார்க்க விடுங்கள்.

4. மரத்தடி: மரமல்லி பூக்கும் காலம் இது. விடியலில் கொட்டிய பூக்களை நீளக் காம்போடு பொறுக்கிக் கூடையில் போடலாம். மரவட்டை வந்தால் குனிந்து பார்க்கலாம், தொடக் கூடாது. அது கசியும் நீர் கண்ணில் பட்டால் எரியும். முருங்கை மரத்தடிக்குப் போகாதீர்கள், கம்பளிப்பூச்சிக் காலம்.

கூடவே பேசுங்கள். சொரசொர, வழவழ, குளுகுளு, மொறமொற என்று கை தொடும்போதே சொல் காதில் விழுந்தால், அது தானாக நாக்கில் ஏறும்.

தவறாமல் கவனிக்க வேண்டியவை

• ஒரு சாண் ஆழத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும். வாளியையும் தொட்டியையும் உடனே கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். கொட்டாங்குச்சியையும் கவிழ்த்து வையுங்கள். அதில் தேங்கும் மழைநீரில் ஒரு வாரம் பத்து நாளில் கொசு பிறந்துவிடும்.

• தெருவில் தேங்கிய வெள்ளத்தில் காலை நனைக்கவே கூடாது. எலிச் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் பரவும்.

• ஈர மண்ணில் செருப்பு அவசியம். கொக்கிப்புழு பாதத்தோல் வழியே நுழையும். வெறுங்கால் ஆட்டம் கழுவிய முற்றத்திலும் மொட்டை மாடியிலும் மட்டும். ஆகஸ்ட் மாத முகாமில் குடற்புழு நீக்க மாத்திரை தவறியிருந்தால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

• புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, கூழாங்கல் போல வாயில் அடங்கும் எதையும் கொடுக்காதீர்கள்.

• அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவை நஞ்சு. மென்றது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, அந்தச் செடியின் துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.

• விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவி, நகத்தையும் பாருங்கள்.

இதற்கென்று கடையில் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டியதில்லை. ஒரு பொருள், 20 நிமிடம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர்: இந்த மூன்றும் இருந்தால் நாளை காலையே தொடங்குங்கள். உங்கள் செல்போனை மட்டும் உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்.