செபமும் உள்நோக்கமும்

செபிப்பவன் தான் கேட்கும் பொருளை நன்கறிவான். அதனை எதன்பொருட்டுக் கேட்கின்றான் என்பதைப் பெரும்பாலும் அறியான். கேட்டும் பெறாதிருப்பதற்குக் கேட்கும் நோக்கத்தின் கோணலே காரணமென யாக்கோபு தம் நிருபத்தில் இடித்துரைக்கின்றார். ஆயின், நோக்கம் முற்றுந் தூயதாகும் வரை செபியாதிருத்தல் வேண்டுமோ? இவ்வினாவிற்கு விடைகாண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடிக் கடற்கரையின் சரித்திரமே தக்கதொரு பாடமாக அமைந்துள்ளது.

1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் இக்கரைப் பரதவர் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பர். முத்துக்குளிப்பின் உரிமை பற்றி எழுந்த பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாவலை நாடியே அவர்கள் கொச்சிக்குத் தூது சென்றனர் என்பதைச் சரித்திராசிரியர் மறைப்பதில்லை. 1542ஆம் ஆண்டில் இங்கு வந்த சவேரியார், தாம் கிறிஸ்தவர் என்பதற்கு மேல் அம்மக்கள் அதிகம் அறியாதிருக்கக் கண்டார். அதுபற்றி அவர்களை இகழ்ந்து தள்ளினாரல்லர். தமிழறிந்தார் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார்.

அவருக்குப்பின் இக்கரையில் நெடுங்காலம் உழைத்தவர், அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் வழங்கப்பெறும் ஹென்றிக் ஹென்றிக்கஸ். அவர் செபங்களும் ஞானோபதேசமும் அடங்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை 1578இல் கொல்லத்திலும், பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் 'கொம்பெசியனாயரு' என்னும் நூலை 1580இல் கொச்சியிலும் தமிழெழுத்தில் அச்சிடுவித்தார். இவ்வரிசை நமக்கொரு முறையைக் காட்டுகின்றது. முதலிற் செபிக்கக் கற்றல். அதன்பின் நெஞ்சைச் சோதிக்கக் கற்றல். கலப்புற்ற நோக்கத்தோடு வந்தாரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தவில்லை. உள்ளே அழைத்துச் சென்று, தம்மைத் தாமே வினவிக்கொள்ளப் பழக்கினர்.

அதே கரையில் வேறொரு வழக்கமும் இருந்தது. சுறா முதலிய பெருமீன்கள் குளியாட்களைத் தீண்டாவண்ணம் மந்திரித்தற்குக் 'கடல்கட்டி' என்போர் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இருபதில் ஒரு பங்கு மந்திரிப்போர்க்கு உரியதென்றும், பிறர் இரவிற் களவாகக் குளியாதபடி அவர்கள் இரவில் அக்கட்டை அவிழ்த்துவிடுவர் என்றும் எழுதினார். உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்குவோன் காப்பு நாடுதல் குற்றமன்று. ஆயின், மந்திரத்தில் வேண்டுபவனது நெஞ்சம் எத்தகையது என்ற கேள்வியே எழுவதில்லை. பயன் விளைந்தாற் போதும். செபமோ வேண்டுபவனையே ஆராய்ந்து நோக்கும். சிலுவைக் குறியோடு தொடங்கினும், பயனொன்றையே கருதி நிற்கும் வேண்டுதல் மந்திரத்தின் பாற்பட்டதேயாம்.

ஆகவே நம் செபத்தை மூன்று வினாக்களாற் சோதித்தல் தகும்.

முதலாவது: இதனை யார் கேட்கவேண்டுமென விரும்புகின்றோம்? ஆலயத்தில் நின்ற பரிசேயன் கடவுளோடு பேசினானாயினும், அவன் கண் ஆயக்காரன்மேல் இருந்தது. கூட்டத்தின் நடுவே நீண்டு அழகுபெறும் நம் செபம், தனியறையில் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுமாயின், எஞ்சிய சொற்கள் யார்க்கு உரியன?

இரண்டாவது: கேட்டது கிடைப்பின் யார்க்கு இழப்பு? செபெதேயுவின் மைந்தர் இருவரும் மீனவரே. அவர்கட்கு ஆண்டவரின் வலப்புறமும் இடப்புறமும் ஆசனம் வேண்டப்பட்டபோது மற்றைப் பதின்மரும் சினந்தனர். தேர்வில் முதன்மை வேண்டும் மாணாக்கன் அறிவை வேண்டுகின்றானோ, அருகிருக்கும் தோழன் பின்தங்குதலை வேண்டுகின்றானோ?

மூன்றாவது: மறுக்கப்படின் செபத்தில் நிலைத்திருப்போமோ? கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் துன்பம் அகலவேண்டுமென வெளிப்படையாகவே கேட்டார்; கேட்டதைத் தந்தையின் சித்தத்திற்கு உட்படுத்தவும் செய்தார். தூத்துக்குடியின் முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய அன்னையின் திருவிழாவிற்கு மக்கள் திரள்கின்றனர். முன்னோர் எத்தொழிலின் பொருட்டுப் பாதுகாவல் தேடினரோ அத்தொழில் ஒழிந்தபின்னும், வழிவந்தோர் செபத்தை விட்டாரல்லர். கலப்புற்றுத் தொடங்கியது கலப்பிலேயே முடியவேண்டுமென்பது விதியன்று.

இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கிய குளியாள் ஏறத்தாழ ஒரு நிமிடமே அங்குத் தங்குவான். பின் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்போன் மேலே இழுத்துக்கொள்வான். நெஞ்சின் அடியை ஆராய்வோனும் அங்கேயே தங்கிவிடலாகாது. 'என் நோக்கம் தூயதோ, அன்றோ' என ஓயாது ஐயுறுபவன் கடவுளை மறந்து தன்னையே நோக்கிக்கொண்டிருப்பான். அதுவும் செபமன்று.

ஆதலின், மாணவ நண்பர்களே, தேர்வுக்காகவும், வேலைக்காகவும், நோயுற்ற பெற்றோருக்காகவும் நாம் தயங்காது கேட்போமாக. கேட்குங்கால், இன்ன காரணத்தாற் கேட்கின்றோம் என்பதையும் ஒளியாது சேர்த்துச் சொல்வோமாக. அக்காரணத்தைச் சொல்ல நா கூசுமாயின், திருத்த வேண்டிய இடம் எதுவென அக்கூச்சமே நமக்குக் காட்டிவிடும்.