ஒப்பந்தத்தால் வந்த பிரிவு

நுழையும்முன்

பாலைத்திணைக்கு உரிப்பொருள் பிரிவு. காதலர் பிரிவதற்கு இலக்கண நூலார் வகுத்த காரணங்கள் பல. அவற்றுள் எதனுள்ளும் அடங்காத ஒரு பிரிவு இருபதாம் நூற்றாண்டில் தமிழர்க்கு நேர்ந்தது. இரண்டு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கடலின் இருகரைகளிலும் நிறுத்தியது. அப்பிரிவைப் பற்றியது இப்பாடம்.

ஓதல், பகை, தூது ஆகியவற்றின்பொருட்டுத் தலைவன் பிரிவான் என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். பொருள் தேடிப் பிரிதலையும் உடன் கூறுகிறது. இவற்றுள் எதுவாயினும் பிரிபவனுக்கு ஒரு நோக்கம் உண்டு. திரும்பி வருவதற்குக் குறித்துச் சென்ற பருவமும் உண்டு. கார்காலம் வந்தும் அவர் வரவில்லையே எனத் தலைவி கலங்குவது, அப்படியொரு பருவம் குறிக்கப்பட்டிருப்பதால்தான். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதும் அந்நூல் கூறும் மரபாகும்.

கரிசலிலிருந்து கண்டிச்சீமைக்கு

வறுமை அம்மரபை மாற்றியது. கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம் எனப் பரந்து கிடக்கும் கரிசல்நிலம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் பருத்தி இல்லை. கம்பும் சோளமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பியையும் பின்னர்த் தேயிலையையும் பயிரிட்டனர். அத்தோட்டங்களுக்குத் திருநெல்வேலிச் சீமை உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். ஆணோடு பெண்ணும் கடல் கடந்தாள். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் அவளுடையதாயிற்று. அவ்வாறு சென்ற நெல்லைச் சிற்றூர்ப் பெண் ஒருத்தியின் துயரைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்னும் சிறுகதையில் படைத்துள்ளார்.

பேரப்பிள்ளைகளின் காலத்தில் தோட்டத்து லயங்களே, அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகளே, அம்மக்களுக்குச் சொந்த ஊராகிவிட்டன. எனினும், இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது.

ஏழும் நான்கும்

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கொள்ளப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். ஏழுக்கு நான்கு என்னும் விகிதத்தில் 15 ஆண்டுகளில் இது நிறைவேறும் என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாகவே வருகிறது. எந்த எழுவர், எந்த நால்வர் என்பதை மட்டும் அக்கணக்குச் சொல்லவில்லை.

அகப்பாடல்களில் காதலரின் இயற்பெயரைச் சுட்டுவதில்லை. யாவர்க்கும் பொதுவான உணர்வு ஒருவரோடு நின்றுவிடக்கூடாது என்பதே அம்மரபின் நோக்கம். உடன்படிக்கையிலும் அம்மக்களின் பெயர்கள் இல்லை. எண்கள் மட்டுமே இருந்தன. அந்த எண்களுக்குள் இருந்திருக்கக்கூடிய இருவரை, அக மரபின்படி பெயர் சுட்டாமலே எண்ணிப் பார்ப்போம்.

அவன் மேல் லயத்தைச் சேர்ந்தவன். அவள் கீழ் லயத்தைச் சேர்ந்தவள். இருவரும் சிறுவராக இருந்தபோது, அவனுடைய தந்தை இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அவளுடைய தந்தை, தாம் ஒருமுறையும் கண்டிராத கரிசல் ஊரொன்றின் பெயரை எழுதி, இந்தியக் குடியுரிமை கேட்டார். பிள்ளைகளின் எதிர்காலம் அவ்விரு தாள்களோடு பிணைந்துவிட்டது. அவர்கள் வளர்ந்து மனம் ஒன்றிய வேளையில், அவள் வீட்டிற்கு இந்தியக் கடவுச்சீட்டு வருகிறது. தோட்டத்து வேலை முடிகிறது. புறப்படும் நாள் குறிக்கப்படுகிறது. மணம் முடித்து இருவரும் ஒரே நாட்டவர் ஆகலாமே என்று நீங்கள் வினவலாம். அதற்கும் விண்ணப்பம் வேண்டும். அலுவலகங்களின் இசைவு வேண்டும். கப்பல் அதற்காகக் காத்திருப்பதில்லை.

அழுகைக் கோச்சி

மலையக மக்கள் தொடர்வண்டியைக் 'கோச்சி' என்பர். இந்தியாவிற்குப் புறப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற வண்டி 'அழுகைக் கோச்சி' எனப்பட்டது. பெயரே காட்சியைச் சொல்லிவிடுகிறது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம். பின்னர் மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் பிற ஊர்களுக்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர். அரசு ஏடுகள் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று குறித்தன. பிறந்த மண்ணைவிட்டு வந்த ஒருத்திக்குத் 'திரும்பினாள்' என்னும் சொல் பொருந்துமா என்பது மொழி பயிலும் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

பெர்லின் நகரின் நடுவே 1961இல் சுவர் எழுந்தது. 1989 நவம்பர் 9 அன்று திறந்தது. 28 ஆண்டுகள் பிரிந்திருந்தோர் அன்றிரவே சந்தித்துக்கொள்ள முடிந்தது. கொரியாவிலோ 1953இன் போர்நிறுத்தக் கோட்டிற்கு அப்பாலும் இப்பாலுமாகக் குடும்பங்கள் இன்றும் பிரிந்துள்ளன. அங்கெல்லாம் தடை கண்ணுக்குத் தெரிந்தது. இங்கு இருந்ததோ கடவுச்சீட்டும் நுழைவிசைவும் கப்பல் கட்டணமும்தான். கொழுந்து பறித்து வாழ்ந்தவர்க்கு அவை சுவரினும் உயரமானவை. கடிதம் ஒன்றே வழியாக இருந்தது. இலங்கையில் போர் மூண்டதால் 1984இல் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பலும் நின்றது.

இலங்கையிலேயே எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமை அளித்தன. அவளும் அங்கேயே இருந்திருந்தால் அவளுக்கும் கிடைத்திருக்கும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் விடப்பட்டது. 1970களில் இருபது வயதில் பிரிந்தவர்கள் அப்போது எழுபதை நெருங்கியோ கடந்தோ இருந்தனர்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் 'கண்டிச்சீமைக்குப் போனவர்கள்' பற்றி முதியோரிடம் கேட்டறிக. அங்கிருந்து வந்தவர்கள் இருப்பின், அவர்கள் இசைந்தால், விட்டுவந்த தோட்டத்தின் பெயரையும் அங்கு வழங்கிய சொற்களையும் கேட்டு எழுதி வகுப்பில் பகிர்க.